புதுப் படைப்பும் புதுப் பிறப்பும்

சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் தறியோசையும் வரதராஜப் பெருமாள் கோயில் மணியோசையும் சேர்ந்தே காதில் விழும். அங்கே 'மறுபிறப்பு' என்றால், உயிர் வேறோர் உடலில் வந்து பிறப்பதென்றே கொள்வர். அது பிறர் நம்பிக்கை. அதைப் பழிப்பது நம் வேலையன்று. ஆனால், சூஃபி மகான்கள் கூறிய புதுப் பிறப்பும் அதுவே என்று நம் இல்லங்களிலும் சிலர் எண்ணுவது பெரும் பிழையாகும்.

ஸ்பெயின் நாட்டு மூர்சியாவில் 1165-இல் பிறந்து, 1240-இல் டமாஸ்கஸில் மறைந்த ஷெய்குல் அக்பர் இப்னு அரபி (ரஹ்) அவர்களை எடுத்துக்கொள்வோம். திருமறையின் 'காஃப்' அத்தியாயம் 15-ஆம் வசனத்தில் புதிய படைப்பு பேசப்படுகிறது. மறுமையில் எழுப்பப்படுவதையே அது குறிக்கும் என்பது விரிவுரையாளர்கள் பொதுவாகக் கொண்ட பொருள். ஷெய்கு அவர்களோ அதில் இன்னொன்றும் கண்டார்கள். அல்லாஹ் ஒருமுறை படைத்துவிட்டு ஒதுங்கியவன் அல்லன். கணந்தோறும் அகிலத்தைப் புதிதாகப் படைக்கிறான். இடைவெளி தெரியாமையால் பழைய உலகே நீடிப்பதாக நாம் மயங்குகிறோம்.

நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். ஊடை இழை ஒவ்வொன்றாக ஓடித்தான் சேலை வளர்கிறது. விரித்துப் பார்ப்பவர்க்கோ ஒரே பட்டு. ஆயினும் உவமை அத்துடன் நின்றுவிடும். நெசவாளரின் உள்ளத்தில் மயிலும் மாங்காயும் முழுமையாகத் தோன்றிவிட்டாலும், பட்டும் ஜரிகையும் இன்றிச் சேலை ஆகாது. 'குன்' என்னும் கட்டளைக்கு நூலும் வேண்டா, தறியும் வேண்டா.

உள்ளத்தில் தோன்றும் அவ்வுருவை ஷெய்கு அவர்கள் வீண் எண்ணமெனத் தள்ளவில்லை. 'கயால்' எனப்படும் கற்பனை, உருவமற்றது உருவம் பெறும் இடைத்தளம் என்றார்கள். யூசுஃப் நபி (அலை) அவர்களின் கனவில் சகோதரர் பதினொருவரும் விண்மீன்களாகத் தோன்றினர் அல்லவா? அன்னாரின் கருத்துகள் சிலவற்றை இப்னு தைமிய்யா (ரஹ்) வன்மையாக மறுத்தார்கள். இதை மறைப்பது நேர்மையாகாது. படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்ற எல்லையை மறந்து இந்நூல்களைப் புரட்டுவோர் வழிதவறுவர்.

புதுப் பிறப்போ, இவ்வுடலிலேயே, இவ்வாயுளிலேயே நிகழ்வது. அதன் வாசல் தவ்பா. பாவு தீர்ந்ததும் எவரும் தறியை மாற்றுவதில்லை. பழைய பாவின் நுனிகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்து, அதே தறியில் நெசவைத் தொடர்வர்.

குமரி மாவட்டத்துத் தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானமேதை பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களும் நெசவு செய்தே வாழ்ந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அன்னார் இயற்றிய 'ஞானப்புகழ்ச்சி' ரஜப் மாதத்தில் அங்கு இரவு முழுவதும் பாடப்படுகிறது.