“சீட்டைத் தூக்கிக்கலாம் தம்பி!”



என் உயரம் 6 அடி 2 அங்குலம். சென்டிமீட்டரில் 188. முதலாம் ஆண்டு சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் எனக்கு வைத்த பட்டப் பெயர்களை எல்லாம் இங்கே எழுதினால் மலர்க் குழு அனுமதிக்காது. பஸ்ஸில் கழுத்தை மடக்கி நிற்பது, நிலைவாசலில் தலையை இடித்துக்கொள்வது எல்லாம் எனக்குப் பழகிப்போன சங்கதிகள். ஆனால் இந்த உயரத்தால் நான் நிஜமாகவே ஏமாந்தது ஒரே இடத்தில்தான். சைக்கிள் கடையில்!

சின்ன வயதில் தாத்தாவின் 24 இன்ச் பிரேம் சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவன் நான். அன்றைக்குச் சைக்கிள் எனக்குப் பெரிசு. இன்றைக்குக் கடையில் நிற்கிற சைக்கிளெல்லாம் சிறிசு. நமக்கென்று ஓர் அளவு உண்டு என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

வளைந்த ஹேண்டில் பார் வைத்த ரோடு சைக்கிள் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டிலிருந்து கல்லூரிக்கு 14 கிலோமீட்டர். விடுமுறையில் லேத் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் பாதி, அப்பா கொடுத்தது பாதி. கடைக்காரர் கேட்டது இரண்டே கேள்வி: “எந்தக் கலர்? எவ்வளவுக்குள்ள?” நானும் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை கியர்?” அவரிடம் இருந்தது 52 சைஸ் ஒன்றுதான். ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஹேண்டிலை இடிக்காத குறை. “அதுக்கென்ன, சீட்டைத் தூக்கிக்கலாம் தம்பி!” என்றார். தள்ளுபடி வேறு கொடுத்தார். வாங்கிவிட்டேன்.

ஒரே மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் வலி. சீட் தாழ்வாக இருந்தால் முதலில் வலிப்பது அந்த இடம்தான். சீட்டைத் தூக்கினேன். இப்போது முதுகும் கழுத்தும் பிடித்துக்கொண்டன. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பிறகு நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன். சீட் பைப் செங்குத்தாக நிற்பதில்லை. தரையோடு ஏறக்குறைய 73 டிகிரியில் பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வில் 10 சென்டிமீட்டர் தூக்கினால் சீட் மேலே போவதோடு, சுமார் 3 சென்டிமீட்டர் பின்னாலும் போகும். ஹேண்டிலோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, கை நீட்ட வேண்டிய தூரமும் கூடுகிறது, குனிய வேண்டிய பள்ளமும் கூடுகிறது. சீட்டைத் தூக்கினால் சின்னச் சைக்கிள் பெரிய சைக்கிள் ஆகிவிடாது நண்பர்களே! உயரமான சீட் வைத்த சின்னச் சைக்கிளாகத்தான் இருக்கும்.

அத்தோடு விட்டேனா? சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. கம்பி அவ்வளவாவது பிரேமுக்குள் இருந்தாக வேண்டும். ஒருநாள் அதையும் தாண்டித் தூக்கினேன். கேன்டிலீவர் பீமுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவன், என் எடை 82 கிலோ அந்தப் பிரேமின் கழுத்தை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் அங்கே மயிரிழை விரிசல். பஞ்சர் கடை அண்ணன்தான் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இதுல ஏறாத” என்று இறக்கிவிட்டார். விழாமல் பிழைத்தது என் நல்ல நேரம். வீட்டில் சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை!

கடைக்காரர் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதும்தான். ஒர்க் ஷாப்பில் வெர்னியரை வைத்து 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கிறோம். நம் கால் எவ்வளவு நீளம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அளப்பதற்கு ஒரு சுவரும், கெட்டி அட்டைப் புத்தகமும், டேப்பும் போதும். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே சீட் மாதிரி அழுத்திப் பிடியுங்கள். அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ளதே கால் அளவு. எனக்கு 90 சென்டிமீட்டர். இதை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய உயரம் வரும்: 79.5 சென்டிமீட்டர். 1986, 1989, 1990-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. வேதவாக்கு அல்ல, தொடங்குவதற்கு ஒரு புள்ளி. அதே காலை 0.67-ஆல் பெருக்கினால், மேல் பார் மட்டமாக உள்ள பழைய பாணி பிரேமின் சைஸ் வரும்: எனக்கு 60. நான் வாங்கியதோ 52!

உயரம் மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு என்பதையும் கவனியுங்கள். விடுதியில் என் உயரமே உள்ள நண்பனை அளந்தேன். அவன் கால் 85. எங்கள் சீட் உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அவனுக்கு உடம்பு நீளம், எனக்குக் கால் நீளம். இப்போது வரும் பிரேம்களில் மேல் பார் சரிவாக இருப்பதால் ஒரு கம்பெனியின் 58 இன்னொரு கம்பெனியின் 56 போல இருக்கும். ஆகவே ஒட்டியிருக்கும் நம்பரை நம்பாமல் அளவுப் பட்டியலைக் கேளுங்கள். கிராங்க் அச்சிலிருந்து ஹேண்டில் கழுத்தின் உச்சி எவ்வளவு மேலே என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே என்பது ரீச். புதிதாக ஓட்டும் நெட்டையனுக்கு ஸ்டாக் தாராளமாக இருக்கட்டும். பந்தய வீரன் மாதிரி குனிவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்காக அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். நின்றால் பார் இடிக்கக் கூடாது.

“காசு இருக்கிறவனுக்கு அளவு, நமக்குக் கிடைத்ததே போதும்” என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் இதை ஒப்பவே மாட்டேன். காசு இருக்கிறவன் தப்பாக வாங்கினால் இன்னொன்று வாங்குவான். நமக்கு இரண்டாவது வாய்ப்பு ஏது? அளப்பதற்குப் பைசா செலவில்லை. அளக்காததற்குத்தான் செலவு.

நான் நான்கு மாதம் பஸ்ஸில் தொங்கிக் காத்திருந்து, செகண்ட் ஹேண்டில் ஒரு 58 வாங்கினேன். பெயிண்ட் உரிந்தது, கலர் எனக்குப் பிடிக்காது. ஆனால் 14 கிலோமீட்டர் ஓட்டி வந்து இறங்கும்போது முழங்கால் இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் ஓர் அளவுக்கோடு வரைந்து, பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு வரும் தம்பிகளும் தங்கைகளும் கடைக்குப் போகுமுன் அங்கே ஒரு நிமிடம் நிற்கட்டும். நெட்டையோ குட்டையோ, “சீட்டைத் தூக்கிக்கலாம்” என்று யாராவது சொன்னால், “எத்தனை சென்டிமீட்டர் அண்ணே?” என்று திருப்பிக் கேட்கட்டும்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை