தேதி முதலில், ஊர் கடைசியில்



கூடாரம் போட்டு வெட்டவெளியில் தங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். இடங்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. “ஆசை இருக்கிறது, எப்போது போவது?” என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு ப்ளஸ் டூ. இன்னொரு வீட்டில் மாமனாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து தீபாவளி முடியும்வரை மூச்சுவிட நேரமில்லை. இத்தனையும் ஒதுங்கி வழிவிட்ட ஒரு சனிக்கிழமையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. ஆன்லைனில் வாங்கிய டென்ட் பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கிறது என்று எழுதியவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

நாம் முடிவுகளை எடுக்கும் வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பது என் எண்ணம். முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். கொடைக்கானல் என்று ஒருவர் சொன்னதும் வீடே கொடைக்கானல் என்கிறது. முன்பணம் கட்டுகிறோம். அதன் பிறகு லீவுக்காக மேலாளரிடம் மன்றாடுகிறோம், வீட்டில் இருப்பவர்களைச் சம்மதிக்க வைக்கிறோம், கடைசியில் வானத்தைப் பார்க்கிறோம். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தேதியை மூன்று மாதம் முன்பே குறித்து, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஊரை அந்த வார வியாழக்கிழமை மாலை முடிவு செய்யுங்கள்.

மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு இது எளிது. தமிழ்நாட்டுக்கு இரண்டு பருவமழைகள். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறையையும் கூடலூரையும் நனைக்கும்போது, மலையின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் கடலோரம் நனைகிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி டிசம்பர்வரையிலான அந்த மூன்று மாதங்களில்தான். ஒரே வார இறுதியில் மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி கொட்டுவது அபூர்வம். ஏலகிரி இல்லையென்றால் கொல்லிமலை, அதுவும் இல்லையென்றால் சிறுமலையோ பச்சைமலையோ ஜவ்வாது மலையோ. மூன்று நாளைக்குள் உள்ள முன்னறிவிப்பை ஓரளவு நம்பலாம். மூன்று வாரத்துக்கு முன்பே இடத்தை முடிவு செய்துவிட்டால் அந்த வசதியைக் கை நழுவ விடுகிறோம்.

தேதியை எப்படிக் குறிப்பது? அதற்கு நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு கருவி தொங்குகிறது. தினசரி காலண்டரில் முகூர்த்த நாள் எதுவென்று பார்ப்போம் அல்லவா, இதற்கு முகூர்த்தம் இல்லாத மாதத்தைப் பார்க்க வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி. இந்த மூன்று மாதங்களில் சித்தி மகள் கல்யாணம், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை வராது. தை பிறந்துவிட்டால் ஞாயிறுகள் நம் கையில் இல்லை.

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஆடி சிக்கலானது. மேற்கு மலைகளில் மழை. உடுமலை, பல்லடம், ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை இல்லாவிட்டாலும் கணவாய் வழியே வரும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது டென்ட் எம்மாத்திரம்! பல குடும்பங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போவதும் அப்போதுதான். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, கல் கூட்டிப் பொங்கல் வைத்து, இரவு அங்கேயே படுத்து விடிந்து திரும்புகிறார்களே, அதுவும் கேம்பிங்தான். ஆனால் அவர்களிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

புரட்டாசியில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வருகிறது. தென்மேற்குப் பருவமழை விடைபெறும் நேரம். பகலெல்லாம் வெயிலடித்து மாலையில் இடியோடு மழை வரும். ஆகவே நான்கு மணிக்குள் டென்ட்டைக் கட்டி முடித்து, அடுப்பு வேலையையும் முடித்துவிட வேண்டும். பல வீடுகளில் அந்த மாதம் அசைவம் கிடையாது என்பதால் கோழி சுடும் கனவு கலையும். இளைஞர்களுக்கு அது பெரிய இழப்பாக இருக்கலாம், எனக்குச் சுட்ட மக்காச்சோளமே போதும்.

என் ஓட்டு மார்கழிக்கு. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் அலுவலகங்களில் கிறிஸ்துமஸ் வாரத்தில் அழைப்புகள் குறையும். மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியை நிறுவியிருக்கிறார்களே, அந்த மலையின் இருட்டு அப்படிப்பட்டது. மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, டிசம்பர் 13, 14 இரவுகளில், ஜெமினிட் எரிகற்கள் பொழியும். நிலவு இல்லாத ஆண்டாக இருந்தால் டென்ட்டுக்குள் படுக்க மனம் வராது. குளிருக்கு மட்டும் தயாராகப் போங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கீழே ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தவர் மேலே பக்கத்தில் இருப்பவரின் போர்வையை இழுப்பார்.

மார்கழிக்கும் சிக்கல்கள் உண்டு. வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். விடியற்காலைக் கோலத்தை விட்டுவர அம்மாவுக்கு மனமிருக்காது. மழை விஷயத்திலும் முழுதாக நம்ப முடியாது. 2023-இல் மார்கழி பிறந்த அன்றுதான் தென் மாவட்டங்களில் பெருமழை தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த நெல்லை, தூத்துக்குடி வெள்ளத்தைப் பார்த்தவர்கள் காலண்டரை மட்டும் நம்பிக் கிளம்ப மாட்டார்கள். அதனால்தான் வியாழக்கிழமை முன்னறிவிப்பு வேண்டும் என்கிறேன்.

அந்த மாலையில் என்ன பார்ப்பது? வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. கனமழை என்று அவர்கள் சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் என்று பொருள். 115.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஆரஞ்சோ சிவப்போ வந்த மாவட்டத்துக்கு டென்ட்டோடு போகாதீர்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. மஞ்சளுக்குப் போகலாம், ஆனால் ஓடைக்கரையை விட்டு மேட்டில் தங்குங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை காட்டாற்றில் இறங்கி வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது நினைவிருக்கும். ஓடைத் தண்ணீர் சட்டென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், பாத்திரத்தைக்கூட எடுக்காமல் மேலே ஏறிவிடுங்கள்.

மின்னலுக்கு ஒரு கணக்கு. வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடித்துவிட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். டென்ட் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. தனி மரத்தடி அதைவிட மோசம். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பொறுத்து வெளியே வரலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பயத்தை மறந்து எண்ணத் தொடங்குவார்கள்.

கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க அனுமதி கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்த பிறகு விதிகள் இறுகின. இப்போது வனத்துறையே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தில் வழிகாட்டியோடு மலைப்பாதைகளுக்கு அழைத்துப் போகிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். பகலில் அவர்களோடு நடந்துவிட்டு, இரவில் அடிவாரத்திலோ மலை ஊரிலோ தோட்டக்காரரின் அனுமதியோடு பட்டா நிலத்தில் தங்கலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த இரண்டு ஊர்களுக்கும் ஆண்டுக் கடைசி வாரத்தில் போவதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்று தோன்றுகிறது. கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்திருப்பதையும் விடுமுறைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். மழையைவிடக் கடினமான இடம் அதுதான்.

முழுக் குடும்பமும் சேர்ந்து போக வேண்டும் என்ற பிடிவாதத்தால் யாருமே போகாமல் போன பயணங்கள் அதிகம் என்று நினைக்கிறேன். படுக்கையில் ஒரு பெரியவர் இருக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் கிளம்ப முடியாது. இந்த முறை அப்பாவும் பிள்ளைகளும், அடுத்த முறை அம்மாவும் அவர் தோழிகளும் என்று மாறி மாறிப் போகலாம். போகாதவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கு அடுத்த தேதியை அன்றே காலண்டரில் வட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். “அப்புறம் பார்க்கலாம்” என்பது தேதி ஆகாது. ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரு வீட்டுப் பெரியவரை இன்னொரு வீட்டார் பார்த்துக்கொள்வதும் நடக்கிறது. ஒரு இரவுப் பயணம் என்பதால்தான் பக்கத்து வீட்டாரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்று இரவுக்கு இந்த உதவியைக் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், கணவர்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இட்லி மாவு, புளிக்குழம்பு, பாத்திரம், பிள்ளைகளின் மாற்றுத்துணி, மாத்திரை டப்பா என்று ஒரு பெண் இரண்டு நாள் மூட்டை கட்டி, மலைமேல் போய் மறுபடி அடுப்பூதி, திரும்பி வந்து சேறு படிந்த துணியைத் துவைக்க வேண்டியிருந்தால் அது அவருக்கு விடுமுறை ஆகாது. அடுத்த முறை அவர் “நீங்க போய்ட்டு வாங்க” என்று சொன்னால், அதற்குக் காரணம் மழையோ குளிரோ இல்லை. சப்பாத்தி, எலுமிச்சை சாதம், அவித்த முட்டை, வாழைப்பழம். ஒரு இரவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மூட்டை கட்டுவதும் பிரிப்பதும் ஆண்கள் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாட்டிகள் வர மறுப்பதற்கு முக்கியக் காரணம் கழிப்பறை. முழங்கால் வலியோடு தரையிலிருந்து எழுந்து, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க யாருக்குத்தான் மனம் வரும்? தோட்டக்காரரிடம் வாடகை கேட்கும் முன் இதைக் கேளுங்கள். பாட்டிக்கு அந்த வீட்டில் ஒரு அறை, மற்றவர்களுக்கு வெளியே டென்ட் என்றாலும் அது ஒரே பயணம்தான். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து டென்ட் ஜிப்பைத் திறப்பவர் அவராகத்தான் இருப்பார்.

வேலைக்கு வருகிறேன். லீவு போடாமல் சனிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு மதியம் திரும்பிவிடலாம், இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்குள் இடம் இருந்தால். சென்னைக்காரர்களுக்கு ஏலகிரி கொஞ்சம் தூரம்தான், சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு கொல்லைப்புறம். ஞாயிறு இரவு பதினொன்றுக்கு வீடு சேர்ந்தால் திங்கள் காலை அலுவலகத்தில் நம்மைப் பார்ப்பவர்கள் ‘இவர் எதற்குப் போனார்’ என்று நினைப்பார்கள். ஷிப்டில் வேலை செய்பவர்கள் வார நடுவில் கிடைக்கும் விடுப்பை நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். புதன்கிழமை மலையில் கூட்டம் இருக்காது, வாடகையிலும் குறைத்துப் பேசலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத வயதில் இருக்கும்வரை அந்தப் புதன்கிழமையை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்து, வியாழன் மாலை எந்தப் பக்கமும் சரியில்லை என்றால்? தேதியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். டென்ட்டை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். கான்கிரீட்டில் முளை இறங்காது, கயிற்றைத் தண்ணீர் நிரப்பிய கேன்களில் கட்டினால் தூறலுக்கும் லேசான காற்றுக்கும் நிற்கும். வெளித்துணி உள்துணியில் ஒட்டாமல் இழுத்துக் கட்டுகிறோமா, எந்த மூலையில் ஒழுகுகிறது என்பதெல்லாம் மலைக்குப் போகும் முன் இங்கேயே தெரிந்துவிடும். கீழே அப்பா இருமினால் இறங்கிப் போய்ப் பார்க்கலாம். இடி இடித்தால் மட்டும் தயங்காமல் எல்லோரும் கீழே வந்துவிடுங்கள். மறுநாள் டென்ட்டை நன்றாக உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு பரணுக்குப் போனால் பூசணம் பூத்து, அடுத்த புரட்டாசியில் பிரிக்கும்போது நாற்றம் வீட்டையே தூக்கும்.

மார்கழிக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறேனே தவிர, எங்கள் அலுவலகத்தில் அந்த மாதம் பொங்கல் மலர் வேலை. பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேரும்வரை எங்களில் யாரும் நகர முடியாது. ஆகவே எங்கள் தேதி மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் இன்னும் முடிவாகவில்லை, உங்களிடம் கேட்கலாம் என்றிருக்கிறோம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், அனுமதியோடு ஒரு இரவு தங்கக்கூடிய இடம் இருந்தால் எழுதுங்கள். பேருந்து எத்தனை மணிவரை உண்டு, குடிதண்ணீர் எங்கே, செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து. கழிப்பறை எப்படி என்பதை முதல் வரியில் எழுதிவிடுங்கள், எங்கள் பிழைதிருத்துநரின் அம்மாவும் வருகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்