பாதை போட்டவர்களை மறக்காத தேசம்

நம்மவர்கள் ஐரோப்பா சுற்றுலா போய் வருவது இப்போது சகஜமாகிவிட்டது. மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் நார்வே போய் வந்த நண்பர்கள், ஆஸ்லோவிலிருந்து பெர்கன் நகருக்கு விமானத்தில் போனோம் என்று சொல்லும்போது என் மனம் கேட்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வாஸ்தவம். ஆனால் அந்த நாட்டில் முதலில் பார்க்க வேண்டியதே அந்த ரயில் பாதைதான் என்பது என் கட்சி.

டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் நான். 2022 மே மாதக் கடைசியில் என் மனைவியும் நானும் அந்த ரயிலில் போனோம். ஏறக்குறைய 500 கி.மீ. தூரம், ஏழு மணி நேரம். வயலும் காடுமாகத் தொடங்கும் வழி, மேலே ஏற ஏற மரமே இல்லாத பாறை வெளியாகிவிடுகிறது. 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம். நார்வே ரயில்வேயின் மிக உயரமான நிலையம் அதுதான். ஊருக்குள் பொதுச் சாலையே கிடையாது, ரயில்தான் கதி. நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும் அந்த நாளிலும் அங்கே ஏரி உறைந்து கிடந்தது.

மற்றவர்கள் பனியைப் படம் பிடித்தார்கள். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிச்சரிவு பாதையை மூடாமலிருக்க மரத்தடுப்புகள், மரக்கூரைகள். பனி அதிகம் தொல்லை தந்த ஒரு பகுதிக்கு மாற்றாக 10 கி.மீ. நீளச் சுரங்கப்பாதையை 1993-ல் திறந்தார்கள். மிர்டால் நிலையத்தில் இறங்கினால் ஃப்ளோம் கிராமத்துக்கு ஒரு கிளைப் பாதை. 20 கி.மீ. தூரத்தில் 860 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. பற்சக்கரம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம்தான். சரிவோ 18-க்கு 1!

பெர்கனிலிருந்து வோஸ் வரை 1883-லேயே ரயில் வந்துவிட்டது. நடுவிலிருந்த மலையைத் தாண்டி ஆஸ்லோவோடு இணைத்து, 1909 நவம்பரில் மன்னர் ஏழாம் ஹாகோன் திறந்து வைத்தார். "பணக்கார நாடு, செய்தார்கள்" என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனிடமிருந்து பிரிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜனத்தொகை 25 லட்சம்கூட இல்லை. கடலில் பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது 1969-ல்தான். கையால் உளி பிடித்தும் வெடி வைத்தும் ஐந்து கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கத்தைக் கடும் பாறையில் குடைந்தவர்கள் கூலித் தொழிலாளிகள்.

அவர்களுக்கு அங்கே 'ரல்லார்' என்று பெயர். அவர்களுக்குச் சாமான் கொண்டு போகப் போட்ட சாலைக்கு இன்றும் 'ரல்லார் சாலை' என்றே பெயர். கோடையில் குடும்பம் குடும்பமாக அதில் சைக்கிளில் போகிறார்கள். ஃபின்சேயில் அவர்கள் நினைவாக ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார்கள். மன்னர் திறந்த பாதையில் கூலிக்காரன் பெயரும் நிற்கிறது!

பெர்கனிலும் இதே குணத்தைக் கண்டேன். துறைமுகத்து மர வீடுகள் 1702 தீயில் எரிந்தபின் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டப்பட்டவை. 1979-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1918 முதல் ஓடும் இழுவை ரயிலில் 320 மீட்டர் மலைமேல் ஏறினால் ஊர் முழுதும் காலடியில். ஆனால் என்னை நிறுத்தியது பழைய தொழுநோய் மருத்துவமனைதான். தொழுநோய்க் கிருமியை 1873-ல் ஹான்சன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான். நோயாளிகளின் பதிவேடுகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஆவணங்கள் 2001-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எளியவன் பெயரை எழுதி வைப்பது அந்த ஊரின் வழக்கம் போலும்.

நாம் என்ன செய்கிறோம்? மும்பையிலிருந்து சென்னை போகும் வண்டியில் கர்ஜத்துக்கு அப்பால் போர் காட் மலைப்பாதை. 37-க்கு 1 சரிவு. பின்னாலிருந்து தள்ள எஞ்சின் சேர்ப்பார்கள். 1856-ல் தொடங்கி 1863-ல் முடித்தார்கள். காலராவிலும் விபத்திலும் மாண்ட தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். அந்தத் தியாகத்தின்மேல்தான் நாம் வருஷா வருஷம் ஊருக்குப் போய் வருகிறோம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த நேரத்தில் அவர்கள் தலை செல்போனில் கவிழ்ந்திருக்கிறது.

கொட்டும் மழையில், நடுராத்திரியில், கையில் விளக்கோடு தண்டவாளம் பார்த்து நடக்கும் கேங்மேன்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. பலர் ஓய்வு பெற்று இதே நகரத்தில் இருக்கிறார்கள், வயதும் ஆகிவிட்டது. அவர்கள் போய்விட்டால் அவர்களுக்குத் தெரிந்ததும் கூடவே போய்விடும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. பொங்கல் விழா மேடையில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இவர்களில் இருவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். சொல்வதைப் பிள்ளைகள் எழுதி எடுக்கட்டும். நம் பத்திரிகையில் பெயரோடு போடுவோம். இதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நார்வே போக முடிந்தவர்கள் அவசியம் ரயிலில் போங்கள். போக முடியாதவர்கள், அடுத்த முறை கர்ஜத் வந்ததும் குழந்தையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.