ஷேனுக்கு மேலே இருக்கும் வானம்

“எங்கிருந்தோ வருகிறான், கெட்டவர்களைச் சுட்டுத் தள்ளுகிறான், எங்கேயோ போய்விடுகிறான்.” ‘ஷேன்’ (1953) படத்தை இப்படி ஒரே வரியில் சொல்லி முடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தப் படத்தை டிவியில் போட்டதும் ரிமோட்டை எடுத்து ஜூம் பட்டனைத் தேடுபவர்களோடும் அதே அளவு சண்டை இருக்கிறது. இரண்டு தரப்பும் செய்வது ஒரே வேலை என்பதுதான் என் வாதம்.

கதை தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு பள்ளத்தாக்கு. மாட்டுப் பண்ணை முதலாளி ரைக்கர், அங்கே குடியேறிய சிறு விவசாயிகளை விரட்டப் பார்க்கிறான். மலையிலிருந்து குதிரையில் இறங்கி வரும் ஷேன் (ஆலன் லாட்), ஜோ ஸ்டாரெட் என்ற விவசாயியின் வீட்டில் தங்கி வேலை செய்கிறான். அவன் யார், இதுவரை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறான் என்பதெல்லாம் படத்தில் சொல்லப்படுவதே இல்லை. ஜாக் ஷேஃபரின் 1949 நாவலை ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் படமாக்கினார். ‘லோகன்’ (2017) பார்த்தவர்களுக்கு ஓட்டல் அறை டிவியில் ஓடும் பழைய படமாக இது அறிமுகமாகியிருக்கும்.

ஸ்டீவன்ஸ் இதை 1951இல் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பகுதியில், டீட்டன் மலைகளுக்கு எதிரே எடுத்தார். அகல-உயர விகிதம் 1.37:1. அகலத்திரை வருவதற்கு முன்னால் ஹாலிவுட்டின் வழக்கமான, கிட்டத்தட்டச் சதுரமான சட்டகம். அந்தச் சட்டகத்தின் உயரத்தை அவரும் ஒளிப்பதிவாளர் லாயல் கிரிக்ஸும் மலைக்காகப் பயன்படுத்தினார்கள். நீண்ட குவியத்தூர லென்ஸ் போட்டு, தூரத்தில் இருக்கும் மலையை மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினார்கள்.

படம் வெளியானது 1953 ஏப்ரலில். அதற்குள் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. கூட்டத்தைத் தியேட்டருக்குத் திரும்ப இழுக்க ஸ்டுடியோக்கள் அகலத்திரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பாரமவுண்ட், சதுரத்துக்காக எடுத்த படத்தை நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 1.66:1 என்று அகலமாக்கிக் காட்டியது. அகலமாக்குவது என்றால் மேலும் கீழும் வெட்டுவது. கணக்குப் போட்டால் உயரத்தில் சுமார் 17 சதவீதம் காலி. இதில் வேடிக்கை, வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்காகத்தான் கிரிக்ஸுக்குக் கிடைத்தது.

இந்தச் சண்டை 60 வருஷம் கழித்து வீட்டுக்குள் வந்தது. 2013இல் ப்ளூ-ரே தயாரானபோது அதை 1.66இல் வெளியிடுவதாக இருந்தார்கள். இயக்குநரின் மகன் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஜூனியர் அதை ஆதரித்தார். சினிமா எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் வட்டு 1.37இல்தான் வந்தது. நான் பார்த்ததும் அதைத்தான்.

மகனுடைய தரப்பை அலட்சியமாகத் தள்ள முடியாது. முதல் வெளியீட்டில் மக்கள் பார்த்ததே அகலப் படம்தானே என்பது நியாயமான கேள்வி. சும்மா நடுவில் வெட்டாமல், ஷாட் ஷாட்டாக உட்கார்ந்து சட்டகத்தை நகர்த்திச் சரிசெய்த வேலை அது. ஆனால் எவ்வளவு கவனமாக நகர்த்தினாலும் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும்: வானமா, தரையா? 1951இல் மலைக்கு முன்னால் கேமராவோடு நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இரண்டு வருஷம் கழித்து டிவிக்குப் பயந்த ஒரு கம்பெனி எடுத்த வியாபார முடிவு, காலம் போனதால் மட்டும் கலை முடிவாகிவிடாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வலைப்பக்கத்தில் ஒரு படத்தைப் பெட்டிக்குள் வைக்க எங்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: ‘கவர்’, ‘கன்டெய்ன்’. கவர் போட்டால் பெட்டி நிறையும், படம் வெட்டுப்படும். கன்டெய்ன் போட்டால் படம் முழுசாக இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும். புரொஃபைல் போட்டோவுக்கு கவர் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாவற்றையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டோம் என்பதுதான் சிக்கல். “ரெண்டு பக்கமும் கருப்பா இருக்கே, ஜூம் பண்ணுடா” என்பார் என் நண்பர். காசு கொடுத்து வாங்கிய டிவியில் ஒரு ஓரம் சும்மா கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 16:9 திரை முழுக்க இந்தப் படத்தை நிறைத்தால் உயரத்தில் 23 சதவீதம் போய்விடும். செல்போனில் நெட்டுவாக்கில் ஓடும் துணுக்காக வெட்டினால் அகலத்தில் கிட்டத்தட்ட 59 சதவீதம் போகும். மிஞ்சுவது துப்பாக்கியும் ஒரு முகமும்தான்.

சரி, போனால் என்ன? டோரி சாகும் காட்சியைப் பாருங்கள். ரைக்கர் கூலிக்குக் கூட்டிவந்த வில்சன் (ஜாக் பேலன்ஸ்) மேலே மர நடைமேடையில் நிற்கிறான். விவசாயி டோரி கீழே சேற்றில் கால் வழுக்கி வழுக்கி வருகிறான். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை வசனத்துக்கு முன்பே அந்த உயர வித்தியாசம் சொல்லிவிடுகிறது. குண்டு பட்டதும் டோரி பின்னால் தூக்கி எறியப்படுகிறான். நடிகரைக் கம்பி கட்டி இழுத்தார்கள். துப்பாக்கிச் சத்தத்தையும் வேண்டுமென்றே பெரிதாக்கினார்கள். ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப்போரில் ராணுவப் படப்பிடிப்புக் குழுவோடு போனவர், 1945இல் டாக்காவ் வதைமுகாமைப் படமெடுத்தவர். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் துப்பாக்கி விளையாட்டுச் சாமானாக இருக்க முடியாது.

அதற்குப் பிறகு வரும் சவ அடக்கம். குன்றின் மேல் ஒரு சிறு கூட்டம், கீழே தூரத்தில் ஊர், பின்னால் மலை. டோரியின் நாய் சவப்பெட்டியைப் பிறாண்டுகிறது. அந்தப் பெரிய வெளியில் ஷேன் உட்பட எல்லோரும் சின்னவர்களாகத்தான் தெரிகிறார்கள். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு வானம் விட்டிருக்கிறார்கள். அவனைப் பெரிதாகப் பார்ப்பது ஒரே ஒருவன்: சிறுவன் ஜோயி. பாரில் அடிதடி நடக்கும்போது அவன் கதவடியில் குனிந்து, மிட்டாயைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான். நம் விசில் எங்கிருந்து வருகிறது என்று ஸ்டீவன்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒற்றை வரி விமர்சனம் வெட்டித் தள்ளுவதும் இந்த வானத்தைத்தான். துப்பாக்கி வெறும் கருவி, நல்லதும் கெட்டதும் வைத்திருப்பவனைப் பொறுத்தது என்று ஷேன் சொல்வதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஜோயியின் அம்மா மேரியன் உடனே சொல்லும் பதிலை விட்டுவிடுகிறார்கள்: இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு துப்பாக்கிகூட, உன்னுடையது உட்பட, இல்லாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாள் அவள். படத்தின் முடிவு அவள் பக்கம் நிற்கிறது. கொன்றவன் கொலையோடு அங்கே குடித்தனம் நடத்த முடியாது என்று ஜோயியிடம் சொல்லிவிட்டுத்தான் ஷேன் கிளம்புகிறான். அவன் போவது ஸ்டைலுக்காக அல்ல. அவன் சுத்தப்படுத்திக் கொடுத்த ஊரில் அவனுக்கு இடமில்லை.

படமே வெளியே விட்ட ஒன்றும் உண்டு. இந்த நிலம் ரைக்கருடையதா, ஸ்டாரெட்டுடையதா என்று வாய் ஓயாமல் பேசுகிறார்கள். இருவருக்கும் முன்னால் அங்கே வாழ்ந்த பழங்குடிகள், ரைக்கரின் தோளில் பாய்ந்த அம்பாகப் பேச்சில் வருவதோடு சரி. அதற்காகப் படத்தோடு சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அதை முழுசாகப் பார்த்தவர்தான் அந்தச் சண்டையைப் போட முடியும்.

கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. பக்கவாட்டுக் கருப்புப் பட்டைகளை இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஷேன் குதிரையில் போகும்போது அவனுடைய இடது கை தொங்குவதைப் பாருங்கள். அப்பாவுக்கு உன்னால் ஆகவேண்டிய வேலை இருக்கிறது, அம்மாவும் உன்னை எதிர்பார்க்கிறாள் என்று ஜோயி கத்துகிறான். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. மலை அங்கேயே நிற்கிறது.