வழியை மாற்றலாம், அடைக்கலாமா?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர் ஓரிக்கை. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தினான். சீடரோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வாரோடு பெருமாளும் கிளம்பிவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் இது. "ஓர் இரவு இருக்கை" என்பதே ஓரிக்கை ஆயிற்று என்பது ஊர்க் கதை.

சென்ற கோடையில் ஒரு குடும்பமும் அங்கே தங்க நேர்ந்தது. விரும்பித் தங்கவில்லை. கார் தங்க வைத்துவிட்டது!

காரின் முன்பக்கத்திலிருந்து குபுகுபு என்று ஆவி வந்தது. குழந்தைகள் மரத்தடியில் பயந்து நின்றார்கள். தகப்பனார் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.

"ஐயா, தொடாதீங்க!" என்று டீக்கடைக்காரர் ஓடி வந்து தடுத்தார். அந்த ஒரு சொல் அவர் முகத்தைக் காப்பாற்றியது.

நடந்தது என்ன?

அது பழைய கார். அதன் ஹீட்டரில் கசிவு. உட்காருகிறவர் காலடியில் கூலண்ட் சொட்டியது. பழுது பார்க்க டாஷ்போர்டையே கழற்ற வேண்டும்; கூலி அதிகம் ஆகும் என்றார்கள்.

"காஞ்சிபுரம் வெயிலில் ஹீட்டர் எதற்கு?" என்று அவர் நினைத்தார். அது நியாயமான கேள்விதான். ஹீட்டருக்குப் போகும் குழாய் ஒன்று, திரும்பி வரும் குழாய் ஒன்று. இரண்டையும் கழற்றினார். வாயில் மரக்கட்டையை அடித்து அடைத்தார். ஓரிக்கை வந்ததும் கட்டை தெறித்தது. கூலண்ட் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது.

எஞ்சினுக்குள் ஓர் ஏரி

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை "ஏரி மாவட்டம்" என்பார்கள். காஞ்சிபுரமும் அதில்தான் இருந்தது. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கார் எஞ்சின் எளிதில் புரியும்.

ரேடியேட்டர்தான் ஏரி. ரப்பர் குழாய்கள் வாய்க்கால்கள். தெர்மோஸ்டாட் என்பது மதகு. அதற்குள் ஒரு வகை மெழுகு இருக்கிறது. சூடு 80 முதல் 90 டிகிரியை எட்டும்போது மெழுகு உருகி விரியும். மதகு திறக்கும். எஞ்சினில் சூடேறிய நீர் ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறித் திரும்பும்.

மதகு திறக்கும் வரை நீர் சும்மா நிற்பதில்லை. ஒரு சின்ன வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சில கார்களில் அந்தச் சின்ன வாய்க்கால் எது தெரியுமா? ஹீட்டர் குழாய்தான்! அதை அடைத்தால் நீர் தேங்கும். எஞ்சினின் ஒரு பக்கம் கொதிக்கும்; மதகுக்கோ சேதி எட்டாது.

செய்யக் கூடியது

ஆகவே ஹீட்டர் வேண்டாம் என்றால், பல கார்களில் போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒன்றாக இணைத்துவிடலாம். நீர் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் காருக்கு இது பொருந்துமா என்று முதலில் தெரிந்த மெக்கானிக்கைக் கேளுங்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் இதற்கு உதவாது. உள்ளே நூல் பின்னிய கூலண்ட் குழாயே வேண்டும். நல்ல கிளிப் போட்டு முடுக்க வேண்டும். பிறகு குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் நீர் ஓடாது. சூடு காட்டும் முள்கூடச் சில சமயம் பொய் சொல்லும்.

"எஞ்சின் சூடாகிறது" என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறவர்களும் உண்டு. அது தவறு. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், தேய்ந்தும் போகும். சில கார்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, முன்னைவிட அதிகமாகச் சூடேறும். கசிவும் அடைப்பும்தான் நோய். அவற்றைப் பாராமல் வழியை மாற்றுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தர்மாமீட்டரை உடைப்பது போல.

உயிர் முக்கியம்

ரேடியேட்டர் மூடி, நீரை அழுத்தி வைத்திருக்கிறது. அதனால் சுமார் 120 டிகிரி வரைகூட நீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால், அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். கார் சூடானால் ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள்.

ஒர்க்ஷாப்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய செலவைச் சொல்லும்போது சிறிய வழியையும் சொல்லுங்கள். அந்தத் தகப்பனாரிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால், அவர் மரக்கட்டையைத் தேடியிருக்க மாட்டார்.

சொந்தக் கையால் வேலை செய்வது கேவலம் அல்ல, பெருமை. ஆனால் வாய்க்காலைத் திருப்புகிறவன், கடைமடை வரை நடந்து பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருப்பது நம் குழந்தைகள் அல்லவா?