கொசுவுக்கும் உண்டு சென்சஸ்!

கொசுவுக்கும் சென்சஸ் எடுக்கிறார்கள் ஸார். 2021-ல் எடுக்க வேண்டிய நம் கணக்கு தள்ளிப் போனாலும் போகும். அதுக்கு மட்டும் பல ஊர்களில் ராத்திரி கணக்கு விடாமல் நடக்கிறது.

கருவி ரொம்ப சிம்பிள். பெயர் விளக்குப் பொறி. ஒரு சின்ன பல்பு, கீழே குட்டி ஃபேன், அதற்கும் கீழே வலைப் பை. வெளிச்சத்துக்கு வரும் கொசுவை ஃபேன் உள்ளே இழுத்துவிடும். காலையில் பையை அவிழ்த்து, என்ன ஜாதி, ஆணா பெண்ணா என்று பிரித்து எண்ணுவார்கள். கடிப்பது பெண் மட்டும்தான். ஆண் பரம சாது, பூந்தேனோடு சரி.

1930-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் பெரிய சைஸில் பிறந்த ஐட்டம் இது. 1962-ல் பாட்டரியில் ஓடும் கையடக்க மாடல் வந்தது.

ஹோட்டலில் 'பட் பட்'டென்று பூச்சியைப் பொசுக்குமே நீல விளக்கு, அது வேறு. அது கொல்ல, இது எண்ண. கொல்வதிலும் அது புலி இல்லை. டெலவேரில் அதில் செத்த பூச்சிகளை எண்ணி 1996-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 13,789. அதில் கடிக்கிற கோஷ்டி 31!

நகரத்தில் விளக்குப் பொறிக்குத் தெருவிளக்கே போட்டி. பௌர்ணமியன்றும் வசூல் டல். அதனால் பக்கத்தில் டிரை ஐஸ் வைப்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்ஸைடை, யாரோ மூச்சு விடுவதாக நினைத்துக் கொசு ஓடி வரும்.

சாக்கடையில் பிறக்கும் க்யூலெக்ஸ் இதில் நன்றாகவே விழும். டெங்கு பரப்பும் ஏடிஸ்? அம்மணிக்குப் பகல் டூட்டி. ஆபீஸ் மேஜைக்கடியில் கணுக்காலைப் பதம் பார்ப்பவள். லைட்டுக்கெல்லாம் அவ்வளவாக மயங்க மாட்டாள். பொறியில் ஏடிஸ் இல்லை, அதனால் ஏரியாவில் டெங்கு பயமில்லை என்பது, பகலில் யார் வந்தார்கள் என்று நைட் வாட்ச்மேனைக் கேட்கிற கதை.

அவளுக்கு வேறு வலை. கறுப்பு டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், உள்ளே பசை. முட்டையிட வந்தால் ஒட்டிக்கொள்வாள். சிங்கப்பூரில் 2017 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதை ஆயிரக்கணக்கில் வைத்து, எந்த பிளாக்கில் ஜாஸ்தியோ அங்கே ஆள் அனுப்புகிறார்கள்.

உங்கள் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரும் கிட்டத்தட்ட அதே டப்பாதான். பசைதான் கிடையாது. முட்டையிட்டுவிட்டு ஜாலியாகப் போய்விடுவாள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். ஆகவே ஞாயிறுதோறும் டயரையும் ஃப்ரிஜ்ஜின் பின்பக்கத் தட்டையும் கவிழ்த்துவிடுங்கள். எண்ண வேண்டிய வேலையே மிச்சம்!