கைநாட்டு சம்மதமல்ல

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் சேரிப்பெண் நிற்கிறாள். உள்ளே வென்டிலேட்டரில் புருசன். இங்கிலீஷ் தாள் ஒன்று நீள்கிறது. "என்னாம்மா எழுதியிருக்கு?" "மொதல்ல ரேகைய வையி, டாக்டர் கேக்கறாரு." வைக்கிறாள். இதற்குப் பெயர் சம்மதமாம்!

பண்ணையாரின் கடன் பத்திரத்தில் நம் பாட்டன் வைத்ததும் இதே பெருவிரல்தான்.

சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, மாற்று உண்டா, மறுத்தால் என்னாகும் என்று விளக்கிப் பெறுவதே சம்மதம். உயிர் போகும் அவசரத்தில் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு தாள் உண்டு. காசு தீர்ந்த அன்று வரும். 'மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம்.' காசில்லன்னுதானே சொன்னோம், உசுரு வேணாம்னு எப்ப சொன்னோம்? மீள வழியற்ற நோயாளியின் உயிர்காப்புக் கருவியை அகற்றவே, 2023-இல் அதே நீதிமன்றம் திருத்திய விதிப்படி, மும்மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்ப வேண்டும். பிழைக்கக்கூடிய நம்மாளை வெளியே தள்ள பில் கவுண்டர் ஒன்றே போதும்!

மாணவத் தோழர்களே, ஆஸ்பத்திரி வாசலில் போய் நில்லுங்கள். தாளைத் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லுங்கள். அவசரம் என்றால் வைத்தியம் முதலில் நடக்கட்டும். மற்றபடி, புரியும்வரை பெருவிரல் மடங்கியே இருக்கட்டும்.